மையவிலக்குக் கருவியை ஏலத்தில் விடுவதற்கு முன்: இறால் நோய் ஆய்வகத்தின் நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல்

நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

சென்ற மாதக் கூட்டத்தில் நீங்கள் நிறைவேற்றிய தீர்மானத்தின் நகல் எங்கள் ஆய்வகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. குழாய்களை வேகமாகச் சுழற்றிக் கனமானதை அடியில் இறக்கும், குளிரூட்டும் வசதியுள்ள மையவிலக்குக் கருவி, டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பட்டைகளாகப் பிரித்துக் காட்டும் ஜெல் ஓட்டும் தொட்டிகள் இரண்டு, அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் பேக், புற ஊதா விளக்குப் பெட்டி ஆகியவை ‘பழுதடைந்தவை, பயன்பாட்டுக்கு உதவாதவை’ என்று பட்டியலிடப்பட்டு ஏலத்துக்குப் போகும் என்றும், டி.என்.ஏ. பிரித்தெடுக்கும் அறை கூட்ட அறையாக மாற்றப்படும் என்றும், டி.என்.ஏ.யைப் பல மடங்கு பெருக்கி நோயைக் கண்டறிய, புதிதாக வாங்கவிருக்கும் ரியல் டைம் பி.சி.ஆர். இயந்திரம் ஒன்றே இனி எல்லாச் சோதனைக்கும் போதும் என்றும் அதில் கண்டிருக்கிறது. கடலூர் மாவட்டக் கடற்கரையின் இறால் பண்ணையாளர்களுக்காக நடக்கும் இந்த ஆய்வகத்தில் 2010 முதல் நுட்பநராக வேலை பார்க்கிறவள் நான். அந்தத் தீர்மானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. முறைப்படி மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். ஒன்றுக்கும் பதில் வராததால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

புதிய இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது வந்தால் முதலில் மகிழ்பவர்கள் நாங்கள்தாம். பெருக்கம் நடக்கும்போதே ஒளியை அளந்து முடிவைத் திரையில் காட்டிவிடும். ஒவ்வொரு மாதிரிக்கும் ஜெல் ஊற்றிக் காத்திருக்க வேண்டாம். மரபணுவையே மாற்றக்கூடிய எத்திடியம் புரோமைடு சாயத்தைத் தினமும் கையாள்வதும், அதைத் தொட்ட கையுறைகளை எங்கே கொட்டுவது என்று தவிப்பதும் குறையும். அதற்காக நான் அழப்போவதில்லை. ஆனால் அந்த இயந்திரம் தனக்குள் வைக்கப்பட்டதைத்தான் பெருக்கும். வைக்க வேண்டிய டி.என்.ஏ.யை இறாலின் உடலிலிருந்து பிரித்து, சுத்தம் செய்து கொடுக்கிற வேலை முழுவதும் நீங்கள் ஏலத்துக்கு அனுப்பும் கருவிகளில்தான் நடக்கிறது. அரிசி மில்லை வாங்கி வைத்துவிட்டு, முறமும் சல்லடையும் எதற்கு என்று கேட்பது போல இருக்கிறது உங்கள் தீர்மானம்.

அந்த வேலை என்னவென்று உறுப்பினர்களில் பலர் நேரில் பார்த்ததில்லை என்பதால் சொல்கிறேன். ஹேச்சரி என்னும் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து ஒரு தொகுதி இறால் குஞ்சு வாங்கும் பண்ணையாளர் அதிலிருந்து 150 குஞ்சுகளைச் சாராயத்தில் (எத்தனாலில்) போட்டுக் கொண்டுவருகிறார். நூற்றுக்கு இரண்டு குஞ்சில் நோய் இருந்தாலும் 95 விழுக்காடு உறுதியோடு பிடிபட வேண்டும் என்றால் அவ்வளவு வேண்டும். கண்களை முதலில் நீக்க வேண்டும். இறாலின் கண்ணில் உள்ள பொருட்கள் பி.சி.ஆர். நொதியை வேலை செய்யவிடாமல் தடுப்பவை. மீதியை அரைத்தால் கிடைப்பது தசையும் ஓடும் கொழுப்பும் புரதமும் நிறமிகளும் கலந்த கூழ். அதற்குள் எங்கோ இறாலின் டி.என்.ஏ.; அதற்கும் நடுவில், இருந்தால், ஏறத்தாழ 3 லட்சம் கார இணைகள் (டி.என்.ஏ. நீளத்தின் அலகு) கொண்ட, இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி நோயின் வைரஸ் டி.என்.ஏ. குவானிடின் உப்புக் கரைசல் உயிரணுக்களை உடைக்கிறது. அந்த உப்பு மிகுந்திருக்கும்போது டி.என்.ஏ. சிலிக்காவில் ஒட்டிக்கொள்கிறது. ஆம்ஸ்டர்டாமில் ரெனே பூம் குழுவினர் 1990இல் வெளியிட்ட இந்த முறைதான் இன்று கடையில் கிடைக்கும் பெரும்பாலான பிரித்தெடுப்புக் கிட்களுக்கு (தயார்நிலைப் பொருள் தொகுப்புகளுக்கு) அடிப்படை. தேவனாம்பட்டினம் கடற்கரையில் காலில் ஒட்டுகிற மணலும் சிலிக்காதான். குழாய்க்குள் அதுவே மெல்லிய சவ்வாக இருக்கிறது. அழுக்கைச் சாராயக் கரைசலால் கழுவிவிட்டு, உப்பில்லாத நீரை ஊற்றினால் டி.என்.ஏ. சவ்வை விட்டு இறங்கி வருகிறது. ஒட்டவைக்க, கழுவ, கழுவிய சாராயத்தைச் சொட்டுவிடாமல் உலர்த்த, கடைசியில் இறக்க என்று ஒவ்வொரு படியிலும் மையவிலக்குக் கருவி சுழல வேண்டும். ஒரு சொட்டுச் சாராயம் தங்கினாலும் பி.சி.ஆர். படுத்துவிடும். கிட் வாங்கப் பணமில்லாத மாதங்களில் சி.டி.ஏ.பி. என்ற சவர்க்காரப் பொருளின் கரைசலும் குளோரோஃபார்மும் கொண்டு பழைய முறையில் பிரித்து, சாராயத்தில் படியவைத்து, நிமிடத்துக்கு 12,000 சுற்றில் அடியில் இறக்குகிறோம். குழாயின் அடியில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளைப் படிவு தெரியும். அன்றைய உழைப்பு அத்தனையும் அதுதான்.

இனி உங்கள் தீர்மானம் கணக்கில் எடுக்காத ஒன்றைச் சொல்கிறேன். பிரித்தெடுப்பு கெட்டுப்போனால் பி.சி.ஆர். இயந்திரம் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லாது. டி.என்.ஏ. இல்லாத குழாயும், நோயில்லாத இறாலின் டி.என்.ஏ. உள்ள குழாயும் அதற்கு ஒன்றே. இரண்டுக்கும் வைரஸ் இல்லை என்றே காட்டும். குஞ்சை வாங்க வந்தவர் கேட்க விரும்பும் பதிலும் அதுதான், விற்க வந்தவர் கேட்க விரும்பும் பதிலும் அதுதான். ஆகவே எங்கள் தொழிலில் தவறு நடந்தால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

2018ஆம் ஆண்டு மார்ச் மாதம் எனக்கு அப்படி ஒருவர் நன்றி சொன்னார். வெள்ளாற்றுக் கரையில் இரண்டு குட்டை வைத்திருக்கும் பண்ணையாளர். மரக்காணம் பக்கத்து ஹேச்சரியிலிருந்து வனாமி என்னும் இறால் வகையின் குஞ்சு எடுக்கவிருந்தார். மாதிரியை முதல் நாள் மாலை கொடுத்தார். அன்று கிட் தீர்ந்திருந்ததால் பழைய முறையில் பிரித்தேன். மறுநாள் ஜெல்லில் பார்த்தபோது வைரஸுக்கு உரிய பட்டை இல்லை. ஆனால் இறாலின் சொந்த மரபணுவுக்கு உரிய, 848 கார இணை நீளமுள்ள கட்டுப்பாட்டுப் பட்டையும் இல்லை. அது இல்லையென்றால் குழாயில் டி.என்.ஏ.யே இல்லை அல்லது அழுக்கால் நொதி படுத்துவிட்டது என்று பொருள். சோதனை செல்லாது, மீண்டும் தொடங்க வேண்டும். நான் அதைச் சொன்னேன். குஞ்சு வண்டி ஹேச்சரி வாசலில் நிற்கிறது, வைரஸ் பட்டைதான் இல்லையே, சீட்டைக் கொடுத்து அனுப்பு என்று மேலிருந்து தொலைபேசி வந்தது. நான் கையெழுத்துப் போட்டேன். அழுத்தம் கொடுத்தது யாராக இருந்தாலும் கையெழுத்து என்னுடையது. அதை மறைத்து இந்த மடலை எழுத எனக்கு உரிமையில்லை.

முப்பத்தெட்டாம் நாள் அவருடைய குட்டையைச் சுற்றிக் காக்கைகள் இறங்கின. இறால் தின்கிறதா என்று பார்க்க வைக்கும் செக் டிரேயில் தீவனம் அப்படியே கிடந்தது. ஓட்டில் வெள்ளைப்புள்ளி. அறிகுறி கண்ட மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் குட்டை முழுவதையும் காலி செய்துவிடக்கூடிய நோய் அது. அவருக்கு ஒரு வாரம்கூடக் கிடைக்கவில்லை. ஆய்வகத்துக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்று, சத்தம் போடாமல், “ஏம்மா, மிஷினு பொய் சொல்லுமா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

அவர் போன பிறகுதான் எனக்கு மையவிலக்குக் கருவியின் சத்தத்தில் சந்தேகம் வந்தது. மஞ்சக்குப்பத்தில் மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து சுழற்சி வேகம் அளக்கும் கருவியை இரவல் வாங்கி, மூடியின் கண்ணாடி வழியே பிடித்துப் பார்த்தேன். திரை 12,000 என்று காட்டியது. உள்ளே ஓடியது 8,000 சுற்றுதான். மூன்றில் இரண்டு பங்கு வேகம்தானே என்று தோன்றலாம். ஆனால் இழுக்கும் விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் மூன்றில் இரண்டாகக் குறைந்தால் விசை நூற்றுக்கு நாற்பத்து நான்காகிவிடுகிறது. அடியில் இறங்க வேண்டிய டி.என்.ஏ. இறங்காமல் மிதந்திருக்கிறது, மேல் நீரைக் கொட்டியபோது அதையும் சேர்த்துக் கொட்டியிருக்கிறேன். காரணம் என்ன தெரியுமா? மோட்டாரின் கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. அவ்வளவுதான். அதே கடைக்காரர் அளவு பார்த்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். அதற்கான செலவை ஆய்வகத்தின் தேநீர்ச் செலவுக் கணக்கிலிருந்தே எடுத்தோம்.

கருவி 12,000 சுற்றுக்குத் திரும்பியதும், சாராயத்தில் மீதம் வைத்திருந்த அதே குஞ்சுகளை எடுத்து மீண்டும் பிரித்தேன். 848 பட்டை தெளிவாக வந்தது. அதற்கு மேலே, இரண்டாம் கட்டப் பி.சி.ஆரில் வர வேண்டிய 941 கார இணைப் பட்டையும் வந்தது. மங்கல்தான், ஆனால் வந்தது. வைரஸ் குஞ்சிலேயே இருந்திருக்கிறது. அந்த ஜெல் படம் 2018ஆம் ஆண்டுக் கோப்பில் இன்றும் இருக்கிறது, வேண்டுவோர் பார்க்கலாம். திருத்திய முடிவை அந்தப் பண்ணையாளருக்கு எழுத்தில் கொடுக்க இரண்டு முறை அனுமதி கேட்டேன். பழையதைக் கிளற வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினீர்கள்.

இப்போது உங்கள் ஏலப் பட்டியலுக்கு வருகிறேன். கார்பன் பிரஷ் தேய்ந்த வாரத்தில் இருப்புப் பதிவேட்டில் ‘பழுது’ என்று நானே எழுதினேன். சரிசெய்ததும் ‘இயங்குகிறது’ என்று எழுதிய குறிப்பு, கொள்முதல் சீட்டு இல்லாத பழுதுபார்ப்பு என்பதால், பதிவேட்டில் ஏற்றப்படவில்லை. ஆண்டுக்கு ஆண்டு அந்த ‘பழுது’ புதிய பதிவேட்டுக்குப் படியெடுக்கப்பட்டு வந்தது. உங்கள் துணைக்குழு கருவியைப் பார்க்காமல் பதிவேட்டைப் பார்த்துப் பட்டியல் தயாரித்திருக்கிறது. நீங்கள் உதவாதது என்று தீர்மானித்த அதே நாள் காலையிலும் அந்தக் கருவியில் பதினான்கு மாதிரிகள் பிரித்தோம்.

ஜெல் தொட்டிகளின் கதையும் ஏறக்குறைய இதுவே. ஒன்றில் மின்முனையாக இருக்கும் பிளாட்டினம் கம்பி அறுந்திருக்கிறது. மற்றது நன்றாக ஓடுகிறது. பவர் பேக்கில் ஃபியூஸைத் தவிர ஒரு குறையும் இல்லை, அதை மாற்றினால் போதும். ரியல் டைம் இயந்திரம் வந்த பிறகு ஜெல் எதற்கு என்று கேட்பீர்கள். நோய் முடிவுக்கு அன்றாடம் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரித்தெடுத்த டி.என்.ஏ. முழுதாக இருக்கிறதா, சிதைந்துவிட்டதா என்பதைக் கண்ணால் காட்டுவது ஜெல்தான். டி.என்.ஏ.யின் பாஸ்பேட்டுகள் எதிர்மின்னூட்டம் உடையவை. கறுப்பு முனையில் வைத்தால் சிவப்பு முனையை நோக்கி ஓடும். சிறியது முன்னே, பெரியது பின்னே. நல்ல டி.என்.ஏ. குழிக்கு அருகில் ஒரே பட்டையாக நிற்கும். வெயிலில் கிடந்த மாதிரியின் டி.என்.ஏ. வால் நட்சத்திரம் போல இழுத்துக்கொண்டு கிடக்கும். டி.என்.ஏ.யின் தூய்மையைப் பார்க்கும் ஒளிமானியில் 260, 280 நானோமீட்டர் ஒளி உறிஞ்சலின் விகிதம் 1.8 என்று அழகாக வந்தாலும் சிதைவை அது காட்டாது. புதிய இயந்திரம் ஒரு நாள் நின்றுவிட்டால், பொறியாளர் சென்னையிலிருந்து வரும் வரை சோதனை நடப்பதும் இந்தத் தொட்டியில்தான்.

அறை விஷயம் இதைவிடப் பெரியது. பிரித்தெடுக்க ஓர் அறை, பெருக்க ஓர் அறை, ஜெல் பார்க்க ஓர் அறை என்று மூன்றாக வைத்திருப்பது ஆடம்பரம் அல்ல. பெருக்கிய டி.என்.ஏ. குழாயைத் திறந்த இடத்தில் கோடிக்கணக்கான படிகள் காற்றில் கலக்கும். அவற்றில் ஒன்று புதிய மாதிரிக்குள் விழுந்தாலும் நோயில்லாத குஞ்சு நோயுள்ளதாகும். ஜெல் அறையில் போட்ட கோட்டோடு பிரித்தெடுப்பு அறைக்குள் நுழைந்ததற்காகப் பயிற்சிக்கு வந்த மாணவர்களை நான் வெளியே அனுப்பியிருக்கிறேன். அந்த அறையில் இனி நாற்காலிகளைப் போட்டுக் கூட்டம் நடத்துவோம், பிரித்தெடுப்பைப் பெருக்கும் அறையின் மூலையில் செய்துகொள்ளுங்கள் என்கிறீர்கள். கூட்டம் ஆண்டுக்கு எத்தனை நாள் நடக்கிறது என்று நான் எண்ணிச் சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடும்.

மையவிலக்கு இல்லாமலே செய்யலாம், குஞ்சை ஒரு கரைசலில் போட்டுக் கொதிக்கவைத்து நேரே இயந்திரத்தில் வைத்தால் போதும் என்று விற்பனையாளர் சொன்னதாகத் தீர்மானத்தின் பின்குறிப்பு சொல்கிறது. குஞ்சுக்கும் வெள்ளைப்புள்ளிக்கும் அந்த முறை பெரும்பாலும் வேலை செய்யும். நாங்களும் அவசரத்துக்குச் செய்திருக்கிறோம். ஆனால் இப்போது எங்களிடம் நிறைய வருவது இ.எச்.பி. என்று பண்ணையாளர்கள் சொல்லும் நுண்ஒட்டுண்ணிக்கான மாதிரிகள். இறாலைக் கொல்லாமல், வளரவிடாமல் வைத்து, தீவனச் செலவில் பண்ணையாளரைக் கொல்வது அது. அதன் வித்துக்குக் கைட்டின் கலந்த தடித்த சுவர் இருக்கிறது. அந்தச் சுவரை நொதி ஊற்றியோ மணிகளோடு குலுக்கியோ உடைத்தால்தான் உள்ளேயிருக்கும் டி.என்.ஏ. வெளியே வரும். மாதிரியாக வருவதோ இறாலின் செரிமான உறுப்பான கல்லீரல் கணையமும் எச்சமும். இரண்டிலும் நொதியைத் தடுக்கும் பொருட்கள் மண்டிக் கிடக்கும். கொதிக்கவைத்த கூழை அப்படியே வைத்தால் இயந்திரம் ‘இல்லை’ என்று சொல்லும். 2018இல் நடந்தது மறுபடி நடக்கும். இந்த முறை ஒவ்வொரு வாரமும் நடக்கும்.

புதிய இயந்திரம் வரும் வரை மாதிரிகளைச் சென்னைக்கு அனுப்புங்கள் என்பது இன்னோர் ஏற்பாடு. சாராயத்தில் போட்ட மாதிரி கெடாது, உண்மை. ஆனால் சாராய வாடை அடிக்கும் பார்சலைப் பேருந்திலும் ஏற்றமாட்டேன் என்கிறார்கள், கூரியர்காரர்களும் வாங்கமாட்டேன் என்கிறார்கள். போய்ச் சேர்ந்தாலும், குட்டையில் இறால் மிதக்கத் தொடங்கியவருக்கு, இன்றே பிடித்து விற்றுவிடுவதா அல்லது காத்திருப்பதா என்பதற்கு இன்று மாலை பதில் வேண்டும். சதுர மீட்டருக்கு 60 குஞ்சு என்ற அளவில் விட்டவருக்கு ஒரு ஹெக்டேரில் 6 லட்சம் உயிர் நிற்கிறது. நான்கு நாள் கழித்து வரும் துல்லியமான முடிவை வைத்து அவர் என்ன செய்வார்?

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு சொல். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கரையேறிய பிறகு இந்த மாவட்டத்துக் கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. எங்கள் உறைபெட்டியில் இருந்த நொதிகளும் கட்டுப்பாட்டு டி.என்.ஏ.க்களும் உருகி வீணாயின. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலும் அதைத் தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளமும் வந்தபோது, ஐஸ் பெட்டியில் வைத்து அவற்றை என் வீட்டு மாடிக்கு எடுத்துப்போய்க் காப்பாற்றினேன். பதின்மூன்று ஆண்டுகளுக்கு இடையில் ஆய்வகத்துக்கு ஒரு ஜெனரேட்டர் வரவில்லை. புதிய இயந்திரத்துக்கான மதிப்பீட்டிலும் அது இல்லை.

ஆகவே நான் கேட்பவை இவை. அடுத்த கூட்டத்துக்கு முன் ஏல அறிவிப்பை நிறுத்திவைத்து, பட்டியலில் உள்ள ஒவ்வொரு கருவியையும் உறுப்பினர் ஒருவர், நுட்பநர் ஒருவரோடு நேரில் வந்து இயக்கிப் பார்த்து, ஓடுபவற்றைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். அறுந்த பிளாட்டினம் கம்பியை மாற்றவும், மையவிலக்குக் கருவியின் உண்மையான வேகத்தை ஆண்டுக்கு ஒருமுறை வெளியாளைக் கொண்டு அளந்து பதிவு செய்யவும் ஒரு பராமரிப்பு ஒப்பந்தம் போட வேண்டும். பிரித்தெடுப்பு அறை பிரித்தெடுப்பு அறையாகவே இருக்க வேண்டும். ரியல் டைம் இயந்திரத்தின் கொள்முதல் ஆணையிலேயே ஓராண்டுக்கான சிலிக்காக் குழாய்களும், இறாலின் சொந்த மரபணுவைச் சோதிக்கும் கட்டுப்பாட்டுப் பொருட்களும், உறைபெட்டிக்கு மாற்று மின்சாரமும் சேர்க்கப்பட வேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் குழாய்களைக் கழுவி மறுபடி பயன்படுத்தச் சொல்லும் வாய்மொழி உத்தரவு எழுத்தில் திரும்பப் பெறப்பட வேண்டும். புதியது வந்து, ஓடிக் காட்டும் வரை சோதனைகள் இங்கேயே நடக்க வேண்டும். கட்டுப்பாட்டு மரபணு தெரியாத எந்த மாதிரிக்கும் ‘நோய் இல்லை’ என்ற சீட்டு வழங்கக்கூடாது என்பதை விதியாக்கி, அந்த முடிவையும் சீட்டிலேயே அச்சிட வேண்டும். நுட்பநர் செல்லாது என்று எழுதிய சோதனையைத் தொலைபேசியில் செல்லுபடியாக்கும் அதிகாரம் யாருக்கும் இருக்கக்கூடாது.

வெள்ளாற்றுக் கரைப் பண்ணையாளருக்கு 2018 மார்ச்சில் கொடுத்த சீட்டு தவறு என்றும், மறுசோதனையில் வைரஸ் இருந்தது என்றும் ஆய்வகத்தின் முத்திரையோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதில் நுட்பநர் என்ற இடத்தில் கையெழுத்திட நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆய்வக நுட்பநர்,
கடலூர் மாவட்டம்